பழைய வீட்டுக்கு எத்தனை அம்பியர்?

சென்ற சித்திரைப் புத்தாண்டு கழிந்த மறுவாரம், பெரியம்மாவைப் பார்த்து வருவதற்காகக் கரம்பனுக்குச் சென்றிருந்தேன். பண்ணைத் தாம்போதியில் ஏறி, இரு மருங்கும் கடல் பளபளக்க, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று பனங்கூடல்களைக் கடந்து போனால், ஊர்காவற்றுறைக்கு அணித்தாய் இருக்கிறது அவ்வூர். பெரியம்மாவின் வீடு பழைய நாற்சார் வீடு. சுண்ணாம்புச் சாந்து பூசிய கனத்த சுவர்கள். பனஞ்சலாகையின் மேல் பீலி ஓடு வேய்ந்த கூரை. நடுமுற்றத்தில் ஒரு துளசி. பெரியப்பா கொழும்பிலே அரசாங்க உத்தியோகம் பார்த்த நாளில் அங்கிருந்தே வயரும் ஆளிகளும் வாங்கி அனுப்பி அந்த வீட்டுக்கு மின்சாரம் பூட்டுவித்தார் என்பது எங்கள் குடும்பத்தில் இன்றும் பெருமையோடு பேசப்படும் கதை.

தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், வேறேதோ பேச்சினிடையே பெரியம்மா சொன்னார்:

"கிணற்றடிக் குழாயிலே கை வைத்தால் இரண்டு மூன்று கிழமையாய்ச் சுள்ளென்று ஓர் உளைவு, தம்பி. வாதமாக்கும் என்று எண்ணெய் பூசுகிறேன்."

நான் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துபோய் முதலில் மெயின் சுவிச்சை இறக்கினேன். காலில் இறப்பர்ச் செருப்பின்றி ஈரநிலத்தில் நின்று அந்தக் குழாயைப் பிடித்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அன்றிரவு நான் அவருக்குச் சொல்லவில்லை. மறுநாள் மின்வேலைக்காரர் ஒருவரை வரச்சொல்லி ஆளனுப்பிவிட்டு, ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மகனுக்குத் தொலைபேசியிற் செய்தி சொன்னேன். அவன் எனக்குத் தம்பி முறையானவன். தாயிடத்தில் உயிரையே வைத்திருப்பவன். உடனே பதறிவிட்டான்.

"அண்ணை, மூன்று பேஸ், அறுபது அம்பியர் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். காசைப் பற்றி யோசிக்க வேண்டாம். இங்கே என்னுடைய வீட்டுக்கே இருநூறு அம்பியர். அது பழைய வீடுதானே. கூடுதலாய் எடுத்துவிட்டால் எல்லாம் சரிவந்துவிடும்."

தீவுப்பகுதியில் இந்நாளிற் பழைய வீடு திருத்துவோர் பலர். வெளிநாடுகளிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் ஓடு மாற்றுகிறார்கள். நிலத்துக்கு மாபிள் பதிக்கிறார்கள். ஒரு கதவுக்கு எந்த மரம் என்று ஒரு மாதம் ஆராய்கிறார்கள். மின்சாரத்தின் பேச்சு வந்தால் மட்டும், எது பெரிதோ அதை எடு என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஆதலின் என் தம்பியின் அந்த ஒரு வாக்கியத்தையே இவ்வாரம் எடுத்துக்கொள்கிறேன்.

வீதிக் கம்பியிலிருந்து மின்மானி வழியாக வீட்டுக்குள் ஒரே சமயத்தில் எவ்வளவு மின்னோட்டம் வரலாம் என்பதற்கு விதிக்கப்பட்ட எல்லையே இணைப்பின் அம்பியர் அளவு. மாதமுடிவில் எத்தனை அலகு செலவாயிற்று என்பது வேறு; ஒரு கணத்தில் எவ்வளவு கேட்கிறோம் என்பது வேறு. இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்பட்டுவரும் இணைப்புகள் பெரும்பாலும் நான்கு வகையின. சிங்கிள் பேஸ் என்று மின்வேலைக்காரர் வழங்கும் ஒற்றை அவத்தையில் 15 அம்பியர், 30 அம்பியர். மூவவத்தையில் 30 அம்பியர், 60 அம்பியர். நமது மின்சாரம் 230 வோல்ற்று. அம்பியரை வோல்ற்றாற் பெருக்கினால் வாற்று வரும் என்பது பள்ளி மாணவர் அறிந்த கணக்கு. 15 அம்பியர் இணைப்பு 3450 வாற்றைத் தாங்கும். 30 அம்பியர் 6900 வாற்று. மூவவத்தை என்பது மூன்று தனி வழிகள். ஆகவே மூவவத்தை 30 அம்பியர் 20,700 வாற்று. 60 அம்பியர் 41,400 வாற்று.

நாற்பத்தோராயிரம் வாற்றுக்கு, 2000 வாற்றுக் கேத்தல் இருபதை ஒரே நேரத்தில் அடுக்கிவைத்துக் கொதிக்க வைக்கலாம். பெரியம்மா ஒருவருக்கு இருபது கேத்தல் தேநீர் எதற்கு?

மறுநாட் காலையில் மின்வேலைக்காரர் வந்தார். ஊர்காவற்றுறைக்காரர், தலை நரைத்தவர், பேச்சுக் குறைவு. வந்தவுடன் கருவிப் பையை அவிழ்க்கவில்லை. ஒரு கொப்பித் தாள் கேட்டு வாங்கி, வீடு முழுவதும் நடந்து, இருப்பதையும் இனி வரப்போவதையும் எழுதினார். மின்குமிழ் பதினான்கு, ஒவ்வொன்றும் 9 வாற்று. மின்விசிறி ஐந்து, ஒவ்வொன்றும் 75. குளிர்சாதனப் பெட்டி 150, தொலைக்காட்சி 100, கிணற்று மோட்டர் ஒரு குதிரைவலு, அது எடுப்பது 1000 அளவில், சோறு சமைக்கும் மின்பானை 700, கேத்தல் 2000, மின்னழுத்தி 1000, அரைக்கும் யந்திரம் 600, சலவை யந்திரம் 500, மகன் விரும்பியபடி ஓர் அறைக்குக் குளிரூட்டி 1200. கூட்டினால் 7750 வாற்றை ஒட்டி வந்தது. அம்பியராக்கினால் 34.

"பார்த்தீர்களா, முப்பதுக்கு மேலே போய்விட்டது" என்றேன்.

"இவ்வளவும் ஒரே நேரத்தில் ஓடுமோ, ஐயா?" என்று கேட்டுவிட்டு, அவர் தாளின் மறுபக்கத்தைத் திருப்பினார்.

இந்த மறுபக்கந்தான் முக்கியம். ஒரு நாளில் வீடு மிக அதிகமாக மின்சாரம் கேட்கும் நேரம் எது என்று பெரியம்மாவிடம் விசாரித்தார். மாலை ஏழு மணி என்று தெரிந்தது. அந்நேரம் விளக்குகள் 100 வாற்று, நான்கு விசிறி 300, குளிர்சாதனப் பெட்டி 150, தொலைக்காட்சி 100, குளிரூட்டி 1200, மின்பானை 700, கேத்தல் 2000. மொத்தம் 4550. அந்த வேளை பார்த்து யாரேனும் கிணற்று மோட்டரையும் போட்டால் 5550. அதாவது 24 அம்பியர். மின்னழுத்தியும் சலவை யந்திரமும் அரைக்கும் யந்திரமும் பகல் வேலைகள். வீட்டில் இருந்ததோ பெரியப்பா காலத்து 15 அம்பியர் இணைப்பு. அது போதாது என்பது உண்மை. 30 போதும் என்பதும் அதைப் போலவே உண்மை.

ஆவணியில் ரொறன்ரோப் பிள்ளைகள் வந்து தங்கும் மாதத்தை நான் நினைவூட்டினேன். மூன்று அறைக்கும் குளிரூட்டி என்றால்? நள்ளிரவில் மூன்றும் ஓடினாலும், விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் சேர்த்து 4050 வாற்று. 18 அம்பியருக்குள் அடங்கிவிடும். மாலையில் மூன்று குளிரூட்டியோடு கேத்தலும் மின்பானையும் சேர்ந்தால்தான் கணக்கு 30 அம்பியரில் வந்து முட்டுகிறது. அப்பொழுது மோட்டரைக் காலையிற் போட்டுத் தண்ணீர்த் தாங்கியை நிரப்பிவைப்பது ஒரு பெரிய தியாகம் அன்று.

கணக்கைக் குலைக்கும் கருவி ஒன்று உண்டு. அது குளியலறைச் சுவரில் மாட்டி, குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் தரும் கருவி. பார்ப்பதற்குச் சிறியது, எடுப்பதோ 3500 வாற்றிலிருந்து 4500 வரை. அது ஒன்றே 15 முதல் 20 அம்பியரை விழுங்கும். அதைப்பற்றிப் பெரியம்மா சொன்ன தீர்ப்பு, "விடியப்புறம் கிணற்றுத் தண்ணீரே வெதுவெதுப்பாயிருக்கும், இது என்னத்துக்கு?" என்பதாகும். வேண்டுமென்போர் 1500 வாற்றில் மெதுவாகக் காய்ச்சிச் சேர்த்துவைக்கும் தாங்கி வகையையோ, கூரையில் வெயிலிற் காயும் வகையையோ வாங்கிக்கொள்ளலாம்.

ரொறன்ரோ வீட்டின் இருநூறு அம்பியருக்கும் இதிலேதான் விடை இருக்கிறது. வெப்பம் உண்டாக்கும் கருவிகளே அம்பியரைத் தின்பவை. வெளிச்சமும் காற்றும் படமும் பாட்டும் மிகச் சொற்பமே எடுக்கும். கனடாவில் மின்னடுப்பு ஒன்று பத்துக் கிலோவாற்று அளவில் எடுக்கும். உடுப்பு உலர்த்தும் யந்திரம் ஐந்து கிலோவாற்று. மாரிகாலத்தில் வீட்டையே மின்சாரத்தாற் சூடாக்குவோரும் உண்டு. கரம்பனில் உடுப்பு உலர்த்துவது கொடிக்கயிறு. அறை எண்ணிக்கையையோ வீட்டின் வயதையோ பார்த்து அம்பியர் குறிப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள்.

மூவவத்தை வேண்டுவோர் யார்? பெரிய மோட்டர் வைத்துத் தோட்டத்துக்கு இறைப்பவர், ஒட்டுவேலைப் பட்டறை, ஆலை, ஐஸ் உற்பத்தி செய்பவர், பத்துப் பன்னிரண்டு அறையோடு விருந்தினர் விடுதி நடத்துபவர். கூரையிற் சூரியத் தகடு போட்டு மின்சாரத்தை விற்க நினைப்போரும் இதனை யோசிக்கலாம். ஏனெனில் தகடுகளின் அளவு இணைப்பின் கொள்ளளவைத் தாண்டலாகாது. ஏனையோர் முதலில் ஒழுங்கையில் இறங்கிக் கம்பத்தை நிமிர்ந்து பார்ப்பது நல்லது. பல ஒழுங்கைகளில் ஒற்றை அவத்தைக்குரிய கம்பிகளே ஓடுகின்றன. மூவவத்தை கேட்டால் அந்த வழியை நீட்டும் செலவும் கேட்டவர் தலையில் வந்து சேரும்.

இனித்தான் நான் சொல்லவந்த விஷயம்.

மின்வேலைக்காரர் சாலைச் சுவரில் இருந்த பித்தளைத் தலை ஆளி ஒன்றைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த வயரை விரலால் இலேசாக வளைத்தார். மேலிருந்த இறப்பர்க் காவலி காய்ந்த மண்ணாய் உதிர்ந்தது. உள்ளே வெறுங் கம்பி மின்னியது. அக்காலத்து அங்குல அளவுக் கம்பி; .029 அங்குல இழை மூன்று சேர்ந்தது. நம்முடைய அளவில் ஏறத்தாழ 1.3 சதுர மில்லிமீற்றர். நாலு விளக்கும் ஒரு வானொலிப் பெட்டியும் இருந்த வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். அதே வயரில்தான் பின்னர் குளிர்சாதனப் பெட்டியும் மின்னழுத்தியும் கேத்தலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தொங்கின.

இதோடு நமது நாட்டின் வரலாறும் அந்தச் சுவருக்குள் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டில் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தேசிய மின்தொடர்பு அற்றது. 2013-இல்தான் சுன்னாகம் மீண்டும் அத்தொடர்போடு இணைந்தது. இடைப்பட்ட காலத்தில் தீவுகளின் வீடுகள் பல ஆளின்றிக் கிடந்தன. ஓடு உடைந்து மழைநீர் சுவரில் இறங்கியது, எலி கடித்தது, மீதியை உப்புக்காற்றுப் பார்த்துக்கொண்டது. சைவ சித்தாந்திகள் ஆணவத்துக்கு உவமை சொல்லும் செம்பிற் களிம்பை ஏட்டிலே மட்டும் படித்தவர்கள், கடலோர வீடொன்றின் பழைய ஆளியைக் கழற்றிப் பார்த்தால் நேரிலே காணலாம். களிம்பேறிய முனையில் மின்னோட்டம் தடைப்படும். தடைப்படும் இடம் சூடேறும். சூடேறிய இடத்தில் மேலும் களிம்பேறும்.

உருகிப் பெட்டியைத் திறந்தபோது இன்னும் ஒரு காட்சி. பீங்கான் உருகியில் உரிய மெல்லிய கம்பி இல்லை. யாரோ ஒருவர், எப்பொழுதோ ஓர் இரவு, அடிக்கடி அறுந்துபோகிறதே என்ற எரிச்சலில் தடித்த செப்புக் கம்பி ஒன்றை முறுக்கிவைத்துவிட்டிருக்கிறார். உருகி அறுவது பழுது அன்று; அதன் தொழிலே அதுதான். சுவருக்குள் இருக்கும் வயர் தாங்கமாட்டாத ஓட்டம் வரும்போது, வயர் எரியுமுன் தான் அறுந்து வழியை மறிப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தடிப்பாக்கினால் சுவருக்குள் இருக்கும் வயரே உருகியாகிவிடும். அது அறுவது பனஞ்சலாகைக்கு அருகில்.

"இந்த வயரை வைத்துக்கொண்டு அறுபது அம்பியர் எடுத்தால்?" என்று கேட்டேன்.

"படலையை அகலமாக்கினால் ஒழுங்கை அகலுமோ, ஐயா?" என்றார் அவர்.

அவர் திட்டம் இது. பழைய வயர் முழுவதையும் அகற்றிவிடுவது. விளக்குச் சுற்றுகளுக்கு 1 சதுர மில்லிமீற்றர். செருகிகள் உள்ள சுற்றுகளுக்கு 2.5, குளிரூட்டிக்கும் சமையலறைக்கும் தனித்தனிச் சுற்று, பெரிய வெப்பக் கருவி எது வந்தாலும் அதற்கு 6 சதுர மில்லிமீற்றரில் தனி வழி. ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் வயருக்கு ஏற்ற சுற்றுடைப்பான். வட்டமுனைச் செருகித் தளங்கள் யாவற்றையும் அகற்றிச் சதுரமுனை 13 அம்பியர்த் தளங்கள் பூட்டுவது. கடையில் வயர் வாங்கும்போது 1/1.13, 7/0.67, 7/1.04 என்று எழுதியிருப்பதைக் கண்டு வாசகர்கள் மலைக்க வேண்டாம். முன்னது இழைகளின் எண்ணிக்கை. பின்னது ஓர் இழையின் விட்டம், மில்லிமீற்றரில். முறையே 1, 2.5, 6 சதுர மில்லிமீற்றர் வயர்கள் அவை.

கிணற்றடிக்கு வருவோம்.

வீட்டிலிருந்து மோட்டர் நாற்பது மீற்றர். அதற்குப் போயிருந்ததோ 1.5 சதுர மில்லிமீற்றர் வடம். அத்தகைய வடத்தில் ஓர் அம்பியர் ஒரு மீற்றர் தூரம் போய்வருவதற்குள் ஏறத்தாழ 29 மில்லிவோல்ற்று குறைந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர் எடுப்பது 5 அம்பியர்தான். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அதுபோல் ஐந்து ஆறு மடங்கு எடுக்கும். 30 அம்பியர் என்று வைத்தால் வழியிலேயே 35 வோல்ற்று போய்விடுகிறது. 230-க்குப் பதில் 195 வோல்ற்றில் முக்கி முனகிக் கிளம்பிய மோட்டரின் உட்சுருள் பல்லாண்டு சூடேறி, காவலி கருகியதில் வியப்பில்லை. கருகிய இடத்தால் மின்சாரம் மோட்டரின் இரும்பு உடம்புக்கு ஏறி, உடம்பிலிருந்து குழாய்க்கு ஏறி, பெரியம்மாவின் கைக்கு வந்தது. 4 சதுர மில்லிமீற்றர் வடமாயிருந்தால் அந்த 35 வோல்ற்று 13 ஆகக் குறைந்திருக்கும்.

மோட்டரின் உடம்பிலே மின்சாரம் ஏறியும் உருகி ஏன் அறவில்லை? மின்வேலைக்காரர் கிணற்றுக்கட்டின் அடியிலே தேடி, புவித்தொடுப்புக் கம்பியின் நுனியை எடுத்துக் காட்டினார். பச்சை பூத்து, இடையில் அற்றுப்போய் இருந்தது. அது அற்றிருக்காவிட்டாலும் நிலைமை பெரிதாக மாறியிராது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் ஒவ்வொரு வீடும் தன் புவித்தொடுப்பைத் தானே நிலத்தில் இறக்கிக்கொள்கிறது. தீவுகளின் நிலமோ அடியில் சுண்ணாம்புக் கல்; கோடையில் காய்ந்து கிடப்பது. அங்கே இறக்கிய தண்டின் தடை 20 ஓம் என்று கொண்டால், 230-ஐ 20-ஆல் வகுக்க 11.5 அம்பியர்தான் பூமிக்குப் போகும். 15 அம்பியர் உருகி அதற்கு அசையாது. மின்சாரம் ஏறிய மோட்டர் அப்படியே இருக்கும். 60 அம்பியர் இணைப்பு எடுத்து, அதற்கேற்ற பெரிய உருகி வைத்திருந்தால் அது இன்னும் அசையாது இருந்திருக்கும்.

என் தம்பி தாயின் உயிருக்கு அஞ்சிக் கேட்ட பெரிய அம்பியர், தாயின் உயிரை ஒரு நூலளவும் காத்திராது. அதைக் காப்பது ட்றிப் சுவிச்சு என்று யாவரும் அறிந்த சிறு கருவி. போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. 30 மில்லியம்பியர், அதாவது ஓர் அம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, வேறு வழியாற் கசிந்து பூமிக்குப் போகிறது என்று கண்டால், கண்ணிமைக்குமுன் வீட்டு மின்சாரத்தை அறுத்துவிடுகிறது. பெரியம்மா வீட்டில் அது இல்லை. பெரியப்பா வயர் பூட்டுவித்த காலத்தில் எவர் வீட்டிலும் அது இல்லை. சில வீடுகளில் இருந்தும், அடிக்கடி விழுகிறது என்று அதைத் தாண்டி நேரே வயர் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அடிக்கடி விழுமாயின் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமற் காவலாளியைக் கட்டிப்போடுவது என்ன நியாயம்?

அயல்வீட்டு மாமி ஒருவர் அன்று வந்து, தமது வீட்டில் மாலையில் வெளிச்சம் மங்குகிறது, முப்பது அம்பியராக்கினால் பிரகாசிக்குமா என்று கேட்டார். ஆகாது. வீட்டுக்குள் வரும் வோல்ற்று, 230-க்கு நூற்றுக்கு ஆறு மேலும் கீழும், அதாவது 216-க்கும் 244-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. நீண்ட வழியின் கடைசிக் கம்பத்தில் வாழ்பவர்க்கு அது குறைவதுண்டு. இணைப்பின் அம்பியரைக் கூட்டுவதால் வீதியில் வரும் வோல்ற்று கூடாது. மாலை ஏழு மணிக்கு மெயின் சுவிச்சில் அளந்து எழுதிவைத்து, அளவோடு மின் அலுவலகத்தில் முறையிடுவதே வழி. அங்கே சரியாயிருந்து உள்ளறையில் மட்டும் குறைந்தால் குற்றம் வீட்டு வயரில்.

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உள்ள நேயர்களுக்கு இவற்றோடு இன்னொரு கணக்கும் உண்டு. கரம்பனில் எரியும் விளக்கு நாடு முழுவதற்குமான மின்தொகுதியோடு பிணைந்தது. குறிகாட்டுவானிலிருந்து படகேறிப் போகும் அத்தீவுகளின் மின்சாரம் அந்தத் தொகுதியோடு பிணையாமல் அங்கேயே டீசல் யந்திரத்தால் உண்டாக்கப்பட்டு வந்தது. அதனாலேதான் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரியன், காற்று, மின்கலம், டீசல் நான்கும் கலந்த நிலையங்களை இந்திய அரசின் நன்கொடையோடு அமைப்பதற்கு 2024 மார்ச் 1-ஆம் தேதி கொழும்பில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. முன்னர் 2021-இல் இதே வேலை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு என்று தீர்மானமாகிப் பின்னர் மாறிய கதையைப் பத்திரிகை படிப்போர் அறிவர். அதனை ஈண்டு விரிக்கவில்லை. நமக்கு வேண்டியவை ஒப்பந்தத்திற் குறித்த அளவுகள். மூன்று தீவுக்கும் சேர்த்துச் சூரிய சக்தி 1700 கிலோவாற்று. காற்று 530 கிலோவாற்று. மின்கலத்தில் 2400 கிலோவாற்று மணி. பக்கத் துணையாக 2500 கிலோவாற்று டீசல்.

ஒரு பேச்சுக்கு 500 வீடுகள் 30 அம்பியர் இணைப்பு எடுத்து, எல்லாம் ஒரே நேரத்தில் முழுவதையும் இழுக்கின்றன என்று வைப்போம். 3450 கிலோவாற்று! அந்த டீசல் யந்திரங்கள் யாவும் சேர்ந்தாலும் தாங்கா. அப்படி எல்லாரும் ஒருங்கே இழுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையிலேதான் எந்த ஊரின் மின்சாரமும் அமைக்கப்படுகிறது. பெரிய தொகுதியில் ஒரு வீட்டின் ஆசை ஒருவருக்கும் தெரியாது. சிறு தீவில் அயலவருக்குத் தெரியும். சூரியன் சாய்ந்தபின் ஊர் முழுவதும் ஆயிரம் கிலோவாற்று வீதம் எடுத்தால் 2400 என்ற அந்த மின்கலச் சேமிப்பு இரண்டரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். பிறகு டீசல் புகைய வேண்டியதே. ஆகவே அத்தகைய தீவில், இணைப்பு எதுவாயினும், மோட்டரையும் சலவை யந்திரத்தையும் நண்பகலிற் போட்டுவிடுவது தமக்கும் அயலுக்கும் நன்று.

கரம்பன் வீட்டு வேலை பன்னிரண்டு நாட்களில் முடிந்தது. விண்ணப்பத்தில் ஒற்றை அவத்தை, 30 அம்பியர் என்று எழுதினோம். வயர்களின் காவலியை 500 வோல்ற்றில் அளந்து, புவித்தொடுப்பையும் அளந்து, தகுதி உடையவரிடம் சான்று பெற்றுக் கொடுத்தோம். இணைப்புக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்த பணத்தின் பெரும்பகுதி சுவருக்குள்ளும் கிணற்றடிக்கும் போயிற்று. தம்பி முதலில் நம்பவில்லை. கணக்குத் தாளின் இரு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பிய பிறகு, "அப்படியென்றால் இந்த இருநூறு அம்பியரை நான் இங்கே என்ன செய்கிறேன், அண்ணை?" என்று கேட்டான்.

கடைசி நாளன்று மின்வேலைக்காரர் ட்றிப் சுவிச்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டினார். டக்கென்று வீடு இருண்டது. பெரியம்மா திடுக்கிட்டார்.

"பயப்படாதேயுங்கோ, அம்மா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே இதை அழுத்திப் பார்க்க வேணும். விழாவிட்டால் எனக்குச் சொல்லியனுப்புங்கோ."

"மூன்று மாதத்தை ஆர் எண்ணிக்கொண்டிருக்கிறது, தம்பி? நான் ஒவ்வொரு பூரணைக்கும் அழுத்துகிறேன். வீடு இருண்டாலும் முற்றத்தில் நிலவு இருக்கும்."

சென்ற பூரணையன்று இரவு எனக்குத் தொலைபேசி வந்தது. "விழுந்தது, தம்பி. திரும்பப் போட்டுவிட்டேன்" என்றார் பெரியம்மா.